வாசலுக்கு அடங்காத மலை

"அம்மா, மலை வாசல் வழியா வெளிய வராது" என்றார் பூதலிங்கம்.

கையில் அளவு நாடா. முகத்தில் ரத்தம் இல்லை.

ஸ்டேஷனம்மா ஒரு சின்ன ரயில் பெட்டியின் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து வாசலைப் பார்த்தார். பிறகு மலையைப் பார்த்தார்.

"ஆமா" என்றார். "வராது போலிருக்கே."

"திருப்பித் திருப்பி அளந்துட்டேன். எப்படித் திருப்பினாலும் வராது."

"ம்."

"அப்பம் இது எப்படிம்மா உள்ள வந்துச்சு?"

"மலை எங்க வந்துச்சு? பலகை வந்துச்சு, கம்பிவலை வந்துச்சு, பிளாஸ்டர் மூட்டை வந்துச்சு. மலை இங்கனதான் முளைச்சுது."

பூதலிங்கம் தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

உட்காராமல் என்ன செய்வார்? வாழ்நாளெல்லாம் கட்டடம் கட்டிய மனுஷன். பஸ் ஸ்டாண்டு கட்டியிருக்கிறார், ஆஸ்பத்திரி கட்டியிருக்கிறார், கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார். இந்த மலைக்கென்று எதிர்ப்பக்கம் எழும்பும் புது மண்டபத்துக்கு யானை நுழைகிற மாதிரி வாசல் வைத்திருந்தார். பழைய இடத்தின் வாசலை மட்டும் அளக்க மறந்துபோனார். அதில்தான் தினமும் குனிந்து நுழைந்துகொண்டிருந்தார்.

*

மலை என்று அவர்கள் சொன்னது பொம்மை ரயில் ஓடுகிற மலை. பொம்மை என்று ஸ்டேஷனம்மா காதில் விழும்படி சொல்லிவிடாதீர்கள். சின்ன ரயில் என்று சொல்ல வேண்டும்.

மேற்கு மலை அடிவாரத்தில் வேலாங்குறிச்சி என்று ஓர் ஊர். அங்கே பஞ்சு மூட்டை அடுக்கிவைத்த பழைய கிட்டங்கி ஒன்று. அதற்குள் சுவருக்குச் சுவர் ஒரு நாடே இருந்தது. இடுப்பு உயரப் பலகைமேல் வயல், ஆறு, பாலம், ஊர், ஸ்டேஷன். நடுவில் ஆளைவிட உயரமாக மலை. மலையைக் குடைந்து ஒரு குகை. எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு சாண் நீளப் பெட்டிகளோடு ஒரு ரயில்.

அத்தனையும் ஒரு பெண் ஒற்றை ஆளாகச் செய்தது. பெயர் செண்பகவடிவு. நிஜ ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். நல்ல சர்க்கார் உத்தியோகத்தைப் பாதியில் உதறிவிட்டு வந்தபோது ஊரே கிறுக்கு என்றது.

"ஏம்மா விட்டீங்க?" என்று பூதலிங்கம் ஒருமுறை கேட்டார்.

"பச்சைக்கொடி காட்டிக் காட்டி அனுப்பி வச்சேன். ஒரு வண்டியாவது எங்க போவுதுன்னு நான் பாக்க வேண்டாமா?"

கிறுக்கு என்ற வாய்தான் பிறகு ஸ்டேஷனம்மா என்றது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்தார்கள். வெளியூர் பஸ்கள் வந்தன. கிட்டங்கிக்குள் சுவருக்கும் பலகைக்கும் நடுவே ஒருக்களித்து நிற்கத்தான் இடம். மிச்சக் கூட்டம் வெளியே வெயிலில் காய்ந்தது.

ஒருநாள் கைக்குழந்தையோடு ஒருத்தி வரிசையில் நின்றாள். வெயிலில் குழந்தை துவண்டுவிட்டது. பார்க்காமலே திரும்பிப் போய்விட்டாள்.

அன்றைக்கு ஸ்டேஷனம்மா சோற்றில் கைவைக்கவில்லை.

"எல்லாரும் பாக்கணும் முதலாளி" என்று கிட்டங்கிக்குச் சொந்தக்காரரான தேவசகாயத்திடம் போய் நின்றார். "இல்லைன்னா நான் பூட்டிட்டுப் போயிருதேன்."

தேவசகாயம் பதறிப்போனார். ஓர் அறக்கட்டளை தொடங்கினார். கிட்டங்கிக்கு எதிரே கிடந்த வெற்றிடத்தையும் கொடுத்தார். ரயிலைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு மண்டபம் கட்ட வேண்டும் என்று பூதலிங்கத்தைக் கூட்டிவந்தார்.

*

பூதலிங்கம் முதல் நாளே வரைபடத்தோடு வந்தார்.

"வட்ட மண்டபம்மா. மேல கண்ணாடிக் கூம்பு. சுத்தி வர மாடம். மாடத்துல நின்னு கீழ பாத்தா, ஒரே பார்வையில எல்லாம் தெரிஞ்சிரும்."

ஸ்டேஷனம்மா வரைபடத்தைப் பார்க்கவில்லை. ஒரு துணியை எடுத்து நீட்டினார்.

"தண்டவாளத்தைத் துடைங்க."

"நானா?"

"தூசி இருந்தா வண்டி ஓடாது."

வயசில் பெரியவர், பேர் பெற்ற மனுஷன். சிரித்துக்கொண்டே துடைத்தார். துடைத்து முடித்ததும் ஸ்டேஷனம்மா வண்டியை ஓட்டும் குமிழை அவர் கையில் விட்டார். பூதலிங்கம் லேசாகத் திருப்பினார். வண்டி அசைந்தது. ஸ்டேஷனை விட்டுப் போனது. பாலத்தில் ஏறியபோது தடதடவென்று சத்தம் மாறியது. பூதலிங்கம் வாய் திறந்தது, மூடவே இல்லை.

அன்றிலிருந்து அவர் சிஷ்யர். அறுபதைத் தாண்டியவர் சிஷ்யர், தலையில் ஒரு நரைகூட இல்லாத அம்மாள் குரு. ஊரில் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே, அவருக்கென்ன!

காலையில் வந்து தண்டவாளம் துடைப்பார். பிறகு எதிரே போய் மண்டப வேலையைப் பார்ப்பார்.

ஒரு தடவை வண்டியை வயல் நடுவே நிறுத்திவிட்டார். பட்டென்று கையில் ஓர் அடி விழுந்தது.

"நடுக்காட்டுல நிறுத்துதீங்களே! உள்ள ஆள் இருக்குல்லா?"

பொம்மைதானேம்மா என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டார்.

எதிரே தூண்கள் எழும்பின. நல்ல தூண்கள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பூதலிங்கமும் சாயங்காலம் தள்ளிப் போய் நின்று பார்ப்பார். முழங்கால் தேய்ந்துவிட்டது, சாரத்தில் ஏற முடியவில்லை. இதுதான் கடைசிக் கட்டடம் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார். பேர் சொல்கிற மாதிரி ஒன்றைக் கட்டி வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று ஆசை. ஆசைப்பட்டது தப்பா?

அந்தத் தூண்களுக்கு மேலே வரும் மாடத்துக்குக் கீழே நின்று அளவு போட்டபோதுதான், மலையை எப்படிக் கொண்டுவருவது என்ற நினைப்பு வந்தது. நாடாவை எடுத்துக்கொண்டு கிட்டங்கி வாசலுக்கு வந்தார்.

மீதியைத்தான் பார்த்தோமே.

*

தரையில் உட்கார்ந்திருந்தவர் மெல்ல வாய் திறந்தார்.

"ஒரு வழி இருக்கு."

"சொல்லுங்க."

"மலையை ரெண்டா வெட்டினா வெளிய வந்துரும். அங்க கொண்டு போயி ஒட்டிரலாம். மேல கொஞ்சம் பிளாஸ்டர் பூசினா, வெட்டினது தெரியாது."

சொல்லிவிட்டு அவரால் ஸ்டேஷனம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஸ்டேஷனம்மா எழுந்தார். ஆணியில் தொங்கிய ரம்பத்தை எடுத்தார். இந்த நாட்டின் முதல் பலகையை அறுத்த ரம்பம் அது. கைப்பிடிப் பக்கத்தை அவரிடம் நீட்டினார்.

"வெட்டுங்க."

"எங்கம்மா?"

"எங்க வெட்டினா யாருக்கும் நோகாதோ, அங்க."

குமிழைத் திருப்பினார். வண்டி கிளம்பியது.

"என்னம்மா, வண்டிய விடுதீங்க?"

"அது ஓடட்டும். நான் நிறுத்த மாட்டேன்."

"ஓடுத வண்டிய வச்சுக்கிட்டு எப்படிம்மா வெட்டுதது?"

 ஸ்டேஷனம்மா வாசலில் குனிந்து வெளியே போனார். சுவருக்கு அந்தப் பக்கம் முதுகைச் சாய்த்து உட்காரும் சத்தம் கேட்டது.

குரு வாயிலிருந்து ஒரு பேச்சு விழுந்தால் போதும், சிஷ்யமார் அதற்குள் கிணறு வெட்ட ஆரம்பித்துவிடுவார்கள். பூதலிங்கமும் ஆரம்பித்தார். வெட்டு என்கிறார். வண்டியை நிறுத்த மாட்டேன் என்கிறார். இதில் ஏதோ சூட்சுமம் இருக்கிறது. நம்மைச் சோதித்துப் பார்க்கிறார். நாமா விடுவோம், கண்டுபிடித்துவிட வேண்டியதுதான்.

ரம்பத்தோடு எழுந்தார்.

*

முதலில் வயல் பக்கம் போனார். மலை மட்டும் வெளியே வந்தால் போதாது, பலகையையும் எங்காவது அறுத்தாக வேண்டும். வயல்தான் லேசான இடம். சும்மா பச்சை.

ரம்பத்தின் பல்லை எங்கே வைப்பது என்று பார்க்கக் குனிந்தார். முழங்கால் வலித்தது. கன்னத்தைப் பலகையில் சாய்த்துக்கொண்டார்.

இத்தனை நாளும் அவர் மேலே நின்றுதான் துடைத்திருக்கிறார். துடைத்தவர் கண்ணில் பட்டது தண்டவாளமும் தூசியும்தான்.

இப்போது கண் தண்டவாளத்துக்கு நேரே இருந்தது. தூரத்தில் மலை வானத்தை மறைத்துக்கொண்டு நின்றது. குகை வாயிலிருந்து வண்டி வெளியே வந்தது. நேரே அவரைப் பார்த்து வந்தது. வர வரப் பெரிதானது.

"ஆத்தாடி!" என்றார் பூதலிங்கம்.

சாண் நீளப் பெட்டி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வந்தது ரயில். சக்கரத்தின் அதிர்வு பலகை வழியாக அவர் கன்னத்தில் ஏறியது. கண் முன்னே ஜன்னல் ஜன்னலாகப் போனது.

ஜன்னல்களுக்குள் ஆட்கள்.

வாய் பிளந்து தூங்குகிற ஒருவர். மடியில் தூக்குச்சட்டியைத் திறக்கிற ஒரு பெண். எதிர் சீட்டில் காலைத் தூக்கிப் போட்டிருக்கும் ஒருவன். நகத்தளவு மனிதர்கள். தூங்குகிறவர் தோளில் ஒரு துண்டுகூட இருந்தது.

உள்ளே ஆள் இருக்குல்லா என்று அம்மா அடித்தது கையில் இப்போது வலித்தது.

ரம்பத்தை வயலில் வைத்தார். பல்லுக்கு ஒரு பக்கம் வரப்பில் ஒருவன் விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தான். இன்னொரு பக்கம், வெகு பின்னால், இடுப்பில் பானையோடு ஒருத்தி. இரண்டு பேருக்கும் காலையில் சண்டை என்று பார்த்தாலே தெரிந்தது. நடுவில் அறுத்தால் அவன் ஒரு பலகையோடு போவான், அவள் இன்னொரு பலகையில் நிற்பாள்.

"சவம், இது ஆவாது" என்று ரம்பத்தை எடுத்துவிட்டார்.

ஆற்றுப் பக்கம் போனார். பாலத்துக்கு அடியில் யாரோ ஒருவன் குளித்துக்கொண்டிருந்தான். வேட்டி கரையில் கல்லின்மேல் காய்ந்தது.

ஸ்டேஷனுக்குப் போனார். பெஞ்சில் டிரங்குப் பெட்டியோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். வண்டி வந்தது, நிற்காமல் போனது. திரும்ப வந்தது, போனது. இன்றைக்கு நிற்காது என்று அவரிடம் யார் சொல்வது? 

கடைசியில் மலைக்கே வந்தார். மலையின் பின்பக்கம், கிட்டங்கிச் சுவரை ஒட்டினாற்போல, வெறும் பாறை. இடுக்கில் உடம்பை நுழைத்துக்கொண்டு போய் அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். ஆடு இல்லை, ஆள் இல்லை, புல்கூட இல்லை. பார்க்க வருகிற எவனும் இந்தப் பக்கத்தைப் பார்க்கப் போவதில்லை.

"கெடச்சுட்டு!" என்றார்.

ஆனால் பாறைக்கு உள்ளே குகை ஓடுகிறது. தண்டவாளம் உள்ளே எங்கே வளைகிறது என்று தெரியாமல் ரம்பம் வைத்தால், எல்லாம் பாழ். குழாய்க்குள் அடைப்புப் பார்க்கக் கட்டைவிரல் அளவு கேமரா ஒன்று அவர் பையில் எப்போதும் கிடக்கும். எடுத்தார். வண்டியின் கடைசியில் மூடாத சரக்குப் பெட்டி ஒன்று இருந்தது. அது பக்கத்தில் வரும்வரை காத்திருந்து, ஓடுகிற பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி, கேமராவை உள்ளே போட்டார்.

வண்டி குகைக்குள் போனது.

கையிலிருந்த போனில் படம் வந்தது. இருட்டு. சக்கரச் சத்தம். இன்னும் இருட்டு. பூதலிங்கம் வளைவை மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே பார்த்தார்.

இருட்டில் ஒரு வெளிச்சம் வந்தது.

கடுகளவு வெளிச்சம். கிட்டே வந்தது. குகைச் சுவரில் ஓர் ஆள் ஒதுங்க மட்டும் ஒரு பொந்து. பொந்துக்குள் ஒருவன் முதுகைச் சுவரோடு ஒட்டி நின்றான். ஒரு கையில் எரிகிற விளக்கு. இன்னொரு கையால் தலைத்துண்டை அழுத்திப் பிடித்திருந்தான். வண்டி அடிக்கும் காற்றில் அது பறந்துவிடக் கூடாதே. அவன் வேட்டி நுனி காற்றில் விலகியிருந்தது.

வண்டி அவனைத் தாண்டிப் போனது. மறுபடி இருட்டு.

பூதலிங்கம் அசையவில்லை. வண்டி இன்னொரு சுற்று வந்தது. மறுபடியும் அவன் துண்டைப் பிடித்துக்கொண்டு வழிவிட்டான்.

யார் பார்ப்பதற்கு இவன்? மலையை மூடிப் பிளாஸ்டர் பூசியபிறகு செய்த அம்மாவே இவனைப் பார்த்திருக்க முடியாது. இத்தனை வருஷமும் இந்த இருட்டுக்குள் விளக்கைப் பிடித்துக்கொண்டு, வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் ஒதுங்கி நின்றிருக்கிறான். அவர் ரம்பம் வைக்கப் பார்த்த இடம் நேரே அவன் தலைக்கு மேலே இருந்தது.

 கண்ணில் தண்ணீர் வந்தது. சும்மா ஒரு பொம்மைக்கு அழுகிறோமே என்ற வெட்கம்கூட அவருக்கு வரவில்லை.

சட்டென்று நிமிர்ந்தார்.

மடார் என்று பின்மண்டை கிட்டங்கிச் சுவரில் மோதியது.

"அம்மாடி!"

பொலபொலவென்று காரை உதிர்ந்து தோளில் விழுந்தது. மண்டையைத் தடவிக்கொண்டே திரும்பிச் சுவரைப் பார்த்தார். பழக்கதோஷம், விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார். மேலிருந்து கீழே பார்த்தார். இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை பார்த்தார்.

சுவரில் யாரும் இல்லை.

இடுக்கிலிருந்து வெளியே வந்து, வாசல் வழியாக எதிரே பார்த்தார். சாயங்கால வெயிலில் தூண்கள் நின்றன. எவ்வளவு நேர்த்தியாக நின்றன! அதில் ஒருவர் இருந்தார். பூதலிங்கம் இருந்தார்.

வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். வண்டி சுற்றிச் சுற்றி வந்தது.

*

வெளியே வந்தபோது ஸ்டேஷனம்மா அதே இடத்தில் கண்ணை மூடி, சுவரில் தலைசாய்த்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தேவசகாயம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

"வெட்டியாச்சா இஞ்சினியர்?" என்றார் தேவசகாயம்.

"முதலாளி, இந்தக் கிட்டங்கியை எனக்குத் தருவீங்களா?"

"என்னத்துக்கு?"

"இடிக்க."

தேவசகாயம் ஸ்டேஷனம்மாவைப் பார்த்தார். அவர் கண்ணைத் திறந்திருந்தார்.

"கிட்டங்கிக்கு வெளிய, அதைச் சுத்தி, புதுசா இரும்புச் சட்டம் எழுப்புவோம். அதுக்கு மேல கூரை. அது நின்ன பொறவு உள்ள இருக்குத பழைய ஓட்டுக்கூரையை இறக்கிருவோம். சுவரை ஒவ்வொரு செங்கலா எடுத்து, இந்த வாசல் வழியா வெளிய கொண்டு போயிருவோம்."

"செங்கல் இதுல வருமாக்கும்?"

"அது வரும்."

"மலை?"

"அது இருக்குத இடத்துல இருக்கட்டும்."

தேவசகாயம் எதிரே கையைக் காட்டினார். "அப்பம் அது? அந்தத் தூணு? ஊரே பாத்து மூக்குல விரல் வைக்குதே!"

பூதலிங்கம் தூண்களைத் திரும்பிப் பார்த்தார். 

"மேல தகரம் போட்டுருங்க முதலாளி. வரிசையில நிக்கவங்க நிழல்ல நிக்கட்டும்."

"உம்ம மண்டபம் போச்சேய்யா!"

"ஆமா. போச்சு."

ஸ்டேஷனம்மா கையை நீட்டினார். பூதலிங்கம் ரம்பத்தைக் கொடுத்தார். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். பல்லில் விரலை ஓட்டினார். ஒரு பொடி பிளாஸ்டர்கூட ஒட்டியிருக்கவில்லை.

குனிந்து உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் வண்டிச் சத்தம் மெதுவாகி நின்றது. பூதலிங்கம் எட்டிப் பார்த்தார். டிரங்குப் பெட்டிக்காரர் எதிரே, ஸ்டேஷனில், வண்டி நின்றுகொண்டிருந்தது.

*

வேலை நடந்தது.

பூதலிங்கம் புது வரைபடம் போட்டார். மாடம் என்ற பேச்சே அதில் இல்லை. மலையைச் சுற்றித் தரையைச் சரிவாக இறக்கினார். யார் வந்து நின்றாலும், நெட்டையோ குட்டையோ, ஏதாவது ஓர் இடத்தில் கண் தண்டவாளத்துக்கு நேராக வந்துவிடும்.

மலைக்கும் வயலுக்கும் தார்ப்பாய் போர்த்தினார்கள். தூசி பறக்காமல் தண்ணீர் தெளித்துத் தெளித்துச் சுவரைப் பிரித்தார்கள். கடப்பாரை போட அவர் விடவில்லை.

"மெதுவாய்யா, மெதுவா. அங்கன ஒருத்தர் தூங்குதாரு."

வேலையாட்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு அவர்களும் மெதுவாகத்தான் பேசினார்கள்.

சுவர் முழுக்க வாசல் வழியாக வெளியே போனது. கடைசியில் வாசல் நிலை மட்டும் தனியாக நின்றது. இரண்டு பக்கமும் திறந்த வெளி. அப்படியும் வேலையாட்கள் அதில்தான் குனிந்து போனார்கள், குனிந்து வந்தார்கள்.

"ஏல, சுவரே இல்ல, இன்னும் என்னத்துக்குக் குனியுத?" என்று தேவசகாயம் கத்தினார். கத்திவிட்டு அவரும் குனிந்து வந்தார்.

கிழக்குப் பக்கம் முழுவதும் கண்ணாடி வைத்தார் பூதலிங்கம். அதை மறைத்துப் பெரிய தார்ப்பாய் தொங்கியது. திறக்கிற நாள் வரைக்கும் அதை எடுக்கக் கூடாது என்று சொல்லிவைத்தார்.

*

அந்த நாள் விடிந்தது.

தூண்களுக்கு அடியில், தகர நிழலில், கூட்டம் நின்றது. கைக்குழந்தைக்காரிகள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக வந்து சரிவில் இறங்கி நின்றார்கள். உள்ளே மங்கலாக இருந்தது. பேச்சும் இருமலும் குழந்தை அழுகையுமாக ஒரே இரைச்சல்.

ஸ்டேஷனம்மா குமிழுக்குப் பக்கத்தில் நின்றார். குமிழில் கைவைத்தார்.

"விடட்டுமா?"

"விடுங்கம்மா" என்றார் பூதலிங்கம்.

வண்டி கிளம்பியது. அவர் கயிற்றை இழுத்தார். கிழக்குத் தார்ப்பாய் சரசரவென்று கீழே விழுந்தது.

காலை வெயில் உள்ளே வந்தது.

இரைச்சல் நின்றுபோனது. யாரும் சத்தம் போடாதே என்று சொல்லவில்லை. தானாக நின்றது.

வெயில் வயலில் ஏறியது, ஆற்றைத் தாண்டியது, மலையின் பாதிவரை போய் நின்றது. கிட்டங்கிக்குள் எப்போதும் நாலா பக்கமும் டியூப்லைட்தான் எரியும். அந்த வெளிச்சத்தில் அந்த ஊரில் யாருக்கும் நிழல் விழுந்ததில்லை.

இப்போது விழுந்தது.

வரப்பில் போகிறவனுக்கு நிழல் விழுந்தது. அது நீண்டு பின்னால் போய், பானைக்காரி காலடிவரை கிடந்தது. பாலத்தின் நிழல் தண்ணீரில் விழுந்தது. டிரங்குப் பெட்டிக்குக்கூட பக்கத்தில் குட்டியாக ஒரு நிழல். அத்தனை பேரும் அப்போதுதான் படுக்கையிலிருந்து எழுந்து வந்தவர்கள் மாதிரி நின்றார்கள்.

கூட்டத்தில் ஒரு கிழவர் மெல்லக் கையெடுத்துக் கும்பிட்டார். எதைக் கும்பிட்டார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

வண்டி தன் நிழலைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு வயலைத் தாண்டிக் குகைக்குள் போனது. குகைக்குள்ளும் வெயில் கொஞ்ச தூரம் போனது. பொந்தில் நிற்கிறவன்வரை போகவில்லை. அவனிடம் விளக்கு இருந்தது.

ஸ்டேஷனம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது.

"எய்யா, பாருங்க" என்றார். "என் பிள்ளையளுக்கு நிழல் இருக்கு."

"பாத்தேம்மா."

"எனக்குத் தெரியவே தெரியாது. இப்படி இருக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாது."

பூதலிங்கம் அவர் பக்கத்தில் போய் நின்றார். வெகு நாளாக மனசில் கிடந்ததைக் கேட்க இதுதான் நேரம் என்று தோன்றியது.

"அம்மா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"அன்னைக்கு என் கையில ரம்பத்தைக் குடுத்தீங்களே. இவனால வெட்ட முடியாது, உக்காந்து பாக்கட்டும்னுதான குடுத்தீங்க? எனக்குப் பாடம் சொல்லத்தான?"

ஸ்டேஷனம்மா அவரை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"இல்லையே ஐயா. நீங்க வெட்டிருவீங்கன்னுதான் குடுத்தேன்."

பூதலிங்கம் திரும்பி வண்டியைப் பார்த்தார்.

"அப்பம் வண்டிய எதுக்கும்மா ஓட விட்டீங்க? நான் அதுக்கு ராவும் பகலும் பொருள் தேடினேனே!"

"பொருளா? வெட்டுததைப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல. அந்தச் சத்தம் நிக்கும்போது வெட்டியாச்சுன்னு தெரிஞ்சுக்கிடலாம்னு, வெளிய போயி உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தேன்."

வண்டி குகையின் அந்தப் பக்கம் வெளியே வந்தது.

"நிக்கலை" என்றார் ஸ்டேஷனம்மா.